மதுரைப் பக்கம் இரும்பு பீம், தூண் வைத்துக் கட்டுகிறீர்களா? கடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

திருமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு மாட்டுத்தீவனக் கடை இருக்கிறது. கீழே குடோன், மேலே அலுவலகமும் சரக்கு வைக்க ஓர் அறையும் என்று, முழுக்க இரும்புத் தூணும் இரும்பு பீமும் வைத்துக் கட்ட முடிவு செய்தோம். இரண்டரை மாதத்தில் முடித்துவிடலாம் என்றுதான் இறங்கினோம். ஐந்து மாதம் ஆனது. அதில் ஏழு வாரம், எதை என்ன பேர் சொல்லிக் கேட்பது, எந்தக் காகிதத்தை எப்போது வாங்குவது என்று தெரியாமலே போனது.

கம்பி கட்டிக் கான்கிரீட் போடுவதைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பீம் வைத்துக் கட்டுவதற்கு அப்படிச் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். எனவே நாங்கள் பட்டதை வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் இதே வரிசையில் போனால் போதும்.

1. வரைபடம் கையில் வரும்வரை இரும்பு வாங்காதீர்கள்

வெல்டிங் பட்டறைக்காரரிடம் போய் "இருபதுக்கு முப்பது மாடி போடணும்ணே" என்றால், நின்ற இடத்திலேயே "எட்டு இஞ்ச் பீம் போதும்" என்று சொல்லிவிடுவார். அவர் அனுபவத்தில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் மாடியில் என்ன சுமை ஏறப்போகிறது என்று அவர் கேட்டிருக்க மாட்டார்.

கட்டமைப்பு கணக்குப் போடத் தெரிந்த ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரைப் பிடியுங்கள். வீட்டு பிளான் வரைபவர் எல்லோரும் இதைச் செய்வதில்லை. எங்கள் இரண்டு தளத்துக்கு அவர் 28,000 ரூபாய் வாங்கினார், பன்னிரண்டு நாளில் கொடுத்தார். மொத்தச் செலவில் இதைவிட உருப்படியான செலவு வேறு எதுவும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். வீட்டுத் தளம் என்றால் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள். 50 கிலோ தீவன மூட்டையைப் பத்து அடுக்கு அடுக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள்: அரை சதுர மீட்டர் இடத்தில் அரை டன். அதாவது சதுர மீட்டருக்கு ஒரு டன், வீட்டுக் கணக்கைப் போல ஐந்து மடங்கு. "சும்மா கொஞ்சம் சாமான் வைப்போம்" என்று சொல்லிவிட்டு அப்புறம் மூட்டை அடுக்குவது ஆபத்து. நெல், சிமென்ட், பேப்பர் பண்டல், தண்ணீர்த் தொட்டி எதுவானாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அவரிடமிருந்து நான்கு விஷயம் எழுத்தில் வர வேண்டும். ஒவ்வொரு தூணும் பீமும் எந்த செக்‌ஷன் (அதாவது எந்த வகை, எந்த அளவு) என்ற பெயர், பேஸ் பிளேட்டும் (தூணின் அடித்தகடு) போல்ட்டும் என்ன அளவு, இணைப்புகளின் படம் (வெல்டிங் எத்தனை மில்லிமீட்டர் என்பது உட்பட), கடைசியாக மொத்த எடைப் பட்டியல். இந்த எடைப் பட்டியல் இல்லாமல் யாரிடமும் விலை பேச முடியாது. கூரைக்கு ஷீட் போடுகிறீர்கள் என்றால் காற்று வேகம் எவ்வளவு எடுத்தார் என்றும் கேளுங்கள். ஐஎஸ் 875 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பாகத்தில் மதுரைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். சென்னைக்கு 50. வேறு ஊருக்குப் போட்ட படத்தை எடுத்து ஒட்டித் தருபவர்களும் இருக்கிறார்கள், இந்த ஒரு கேள்வியில் அது தெரிந்துவிடும்.

2. மண்ணும் அனுமதியும்

திருமங்கலம், பேரையூர் பக்கம் கரிசல். ஈரத்தில் உப்பும், வெயிலில் வெடிக்கும். ஒத்தக்கடை, மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணுக்குப் போட்ட அஸ்திவாரத்தை அப்படியே இங்கே போட முடியாது. மண் பரிசோதனை செய்துவிட்டு அந்த அறிக்கையை எஞ்சினியரிடம் கொடுங்கள். தூணின் அடி அரை அங்குலம் நகர்ந்தால்கூட மேலே பீம் இணைப்பில் அது தெரிய ஆரம்பித்துவிடும்.

அனுமதிக்குப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, எஃப்எம்பி ஸ்கெட்ச் (நில அளவை வரைபடம்), பதிவு பெற்ற எஞ்சினியர் கையெழுத்திட்ட பிளான் ஆகியவை வேண்டும். இதில் ஒரு பொறி இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் குடியிருப்புக்கு மட்டும்தான். கடை, குடோன் அதில் வராது. அவற்றுக்கு வழக்கமான விண்ணப்பம்தான். அதற்கான நாட்களையும், கட்டுமானச் செலவில் 1 சதவீதத் தொழிலாளர் நல நிதியையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. "எட்டு இஞ்ச் பீம்" என்று கேட்காதீர்கள்

நாங்கள் வாங்கிய பெரிய அடி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

படத்தில் ஐஎஸ்எம்பி 200, அதாவது 200 மில்லிமீட்டர் உயர நடுத்தர பீம் என்று இருந்தது. எங்கள் வீட்டில் கடைக்குப் போனவர் அதைப் பட்டறைப் பேச்சில் எட்டு இஞ்ச் பீம் என்று கேட்டார். கடைக்காரரும் எட்டு இஞ்ச் பீம் பதினான்கை ஏற்றிவிட்டார். உயரத்தை அளந்தால் 200 மில்லிமீட்டர் சரியாக இருந்தது. சைட்டுக்கு வந்த எஞ்சினியர் வெர்னியர் வைத்துப் பார்த்துவிட்டு, "இது எம்பி இல்லைங்க, எல்பி. பில்லுல என்ன செக்‌ஷன்னு போட்டிருக்கா?" என்றார். பில்லில் வெறுமனே எம்எஸ் பீம் 200 என்று இருந்தது.

200 மில்லிமீட்டர் உயரத்தில் எடை குறைந்த பீமும் உண்டு, நடுத்தர பீமும் உண்டு. ஐஎஸ்எல்பி 200 மீட்டருக்கு 19.8 கிலோ. ஐஎஸ்எம்பி 200 மீட்டருக்கு ஏறக்குறைய 24 முதல் 25 கிலோ. நடுத்தண்டின் கனத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, இரண்டுமே ஐந்தரை மில்லிமீட்டர் சுமார்தான். மேல் கீழ் இதழ்களில்தான், அதாவது ஃபிளேஞ்சில்தான் விஷயம் இருக்கிறது: எல்பியில் 7 மில்லிமீட்டர் சொச்சம், எம்பியில் 10 அல்லது அதற்கு மேல். வளைவைத் தாங்கும் திறனில் எல்பி ஏறக்குறைய ஐந்தில் ஒன்றிலிருந்து நாலில் ஒன்று வரை குறைவு. மூட்டை அடுக்கும் தளத்துக்கு அது ஆகாது.

கடையில் எடை போட்டுத்தான் விற்றார்கள், பணத்தில் ஏமாற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் திருப்பி எடுத்தபோது கிலோவுக்கு 6 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு தடவை லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி. மூன்று வாரம் வேலை நின்றது.

ஆகவே பெயரை முழுசாகச் சொல்லுங்கள். ஐஎஸ்எம்பி என்பது நடுத்தர பீம். ஐஎஸ்எல்பி எடை குறைந்தது. ஐஎஸ்எச்பி அகலமான இதழ் கொண்ட கனமான வகை, தூணுக்கு ஏற்றது. ஐஎஸ்எம்சி என்பது சி சேனல். இரண்டு சேனலை எதிரெதிராக வைத்துப் பெட்டி மாதிரி வெல்டு அடித்தும் தூண் செய்வார்கள். புது வகையில் என்பிபி, டபிள்யூபிபி என்று சம கனமான இதழ் கொண்ட பீம்களும் கிடைக்கின்றன. படத்தில் எம்பி இருக்க, கடையில் என்பிபி மட்டும் இருந்தால் எஞ்சினியரிடம் கேட்காமல் மாற்றாதீர்கள்.

மீட்டருக்கு எத்தனை கிலோ என்பதை போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எம்பி 150 என்றால் 15 கிலோ. எம்பி 250 என்றால் 37.3. எம்பி 300 என்றால் 44 முதல் 46. சேனல் 100 ஒன்பதரை சுமார், சேனல் 150 பதினாறரை சுமார், சேனல் 200 இருபத்திரண்டு சுமார். எச்பி 150 என்றால் 27. எச்பி 200 என்றால் 37.3. கவனியுங்கள், எம்பி 250க்கும் எச்பி 200க்கும் ஒரே எடைதான். ஆனால் பக்கவாட்டில் ஒடுங்கி வளையாமல் நிற்க வேண்டிய தூணுக்கு எச்பிதான் தோது. "ரெண்டும் ஒரே எடைதானே, இருக்கிறதைப் போடுவோம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தகடுக்குக் கணக்கு இன்னும் எளிது: ஒரு சதுர மீட்டருக்கு, எத்தனை மில்லிமீட்டர் கனமோ அதை 7.85 ஆல் பெருக்கினால் கிலோ வந்துவிடும்.

4. விலை கேட்கும்போது

விலை கிலோவுக்குத்தான், வாரத்துக்கு வாரம் மாறும். எனவே மூன்று இடத்தில் ஒரே நாளில் கேளுங்கள். நகருக்குள் இருக்கும் கடை, ரிங் ரோட்டை ஒட்டிய யார்டு, கப்பலூர் பக்கம் என்று கலந்து கேட்டால் நல்லது. கேட்கும்போது இரண்டு கேள்வி கட்டாயம்: எந்த மில், எந்த கிரேடு? செயில், விசாக், ஜிண்டால் மாதிரியான பெரிய மில் சரக்கு ஒரு விலை. பழைய இரும்பை மறுபடி உருட்டிய சிறு மில் சரக்கு ஒரு விலை. விலை குறைவு என்பதற்காக மட்டும் இரண்டாவதை எடுக்காதீர்கள். கிரேடு ஐஎஸ் 2062 இ250 என்று இருக்க வேண்டும். 250 என்பது அந்த இரும்பு நிரந்தரமாக வளைய ஆரம்பிக்கும் அழுத்தம், மெகாபாஸ்கலில். படத்தில் இ350 என்று போட்டிருந்தால் இ350தான் வாங்க வேண்டும்.

உதாரணக் கணக்கு ஒன்று. 6 மீட்டர் நீள எம்பி 250, ஒரு பீமுக்கு 223.8 கிலோ. கிலோ 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 14,547 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 17,165. பலர் ஜிஎஸ்டியைச் சேர்க்காமல் பட்ஜெட் போட்டுவிட்டுப் பாதியில் நிற்கிறார்கள்.

பீம் வழக்கமாக 11, 12 மீட்டர் நீளத்தில்தான் வரும். உங்களுக்கு ஐந்தரை மீட்டர் வேண்டுமென்றால் ஒரு நீளத்தில் இரண்டு எடுக்கலாம். ஆறரை மீட்டர் வேண்டுமென்றால் பாதியோடு முடிந்து, மிச்சம் துண்டாகக் கிடக்கும். அதனால் தூண் இடைவெளியை முடிவு செய்வதற்கு முன்பே கடையில் என்ன நீளம் இருக்கிறது என்று கேட்டு எஞ்சினியரிடம் சொல்லுங்கள். எங்களுக்கு ஒரு தூண் வரிசையை ஒன்றே கால் அடி நகர்த்தியதில் 400 கிலோவுக்கு மேல் கழிவு குறைந்தது.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாம் ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கிறோம், இரும்புக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்று நினைப்போம். சொந்தக் கட்டிடம் கட்ட வாங்கிய பொருளுக்கு உள்ளீட்டு வரி கழிவு கிடையாது, ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவே தடுக்கிறது. எங்கள் கணக்கரிடம் நாங்கள் தாமதமாகத்தான் கேட்டோம். அதற்காக "பில் இல்லாமல் தர்றோம்" என்பவரிடமும் போகாதீர்கள். பில் இல்லாத இரும்புக்கு வங்கி கடன் தவணை விடாது, சரக்கு தவறாக வந்தால் திருப்பவும் முடியாது.

5. லோடு இறங்கும் நாள்: எடைச்சீட்டும் சான்றிதழும்

லாரியைக் கடையின் சொந்த எடைமேடையில் மட்டும் போட்டு அனுப்ப விடாதீர்கள். வழியில் தொழிலாளர் துறையின் நடப்பு முத்திரை உள்ள பொது எடைமேடை ஒன்றில் காலி வண்டியையும் லோடு வண்டியையும் போட்டு, இரண்டு சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். காலி எடைக்கும் லோடு எடைக்கும் நடுவில் டீசல் போட்டிருக்கக் கூடாது, கிளீனர் ஏறி இறங்கியிருக்கக் கூடாது. சில நூறு ரூபாய் வேலை.

அப்புறம் அந்த எடையை, நீளத்தையும் மீட்டர் எடையையும் பெருக்கி வந்த எடையோடு ஒப்பிடுங்கள். உருட்டும்போது ஓரிரு சதவீதம் கூடுவதும் குறைவதும் இயல்பு. பத்து சதவீதம் குறைந்தால் அது நீங்கள் கேட்ட செக்‌ஷன் இல்லை. இதழின் கனத்தை அளக்கும்போது ஓரத்தில் வைத்து அளக்காதீர்கள். எம்பி, எல்பி பீம்களில் இதழ் உள்ளே கனத்து ஓரத்தில் மெலிந்து போகும். இதழ் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியின் நடுவில் அளக்க வேண்டும்.

இறக்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: செக்‌ஷன் பெயர், கிரேடு, எடை தெளிவாக எழுதிய ஜிஎஸ்டி பில், இ-வே பில் (தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் போனால் கட்டாயம்), மில் சோதனைச் சான்றிதழ். இந்தச் சான்றிதழை "அப்புறம் வாட்ஸ்அப்பில் அனுப்பி விடுறோம்" என்பார்கள். எங்களுக்கு அப்படி வந்தது வேறு ஒரு வருடத்தின் வேறு ஒரு லோடுக்கானது. சான்றிதழில் ஹீட் நம்பர் என்று ஒன்று, அதாவது மில்லில் ஒரே தடவையில் உருக்கிய இரும்புக்குக் கொடுக்கும் எண் இருக்கும். அதே எண் பீமின் மேல் பெயின்டிலோ ஸ்டிக்கரிலோ முத்திரையாகவோ இருக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து போட்டோ எடுங்கள். வெட்டிய பிறகு அந்த எண் எந்தத் துண்டோடு போனது என்று கண்டுபிடிக்க முடியாது.

சான்றிதழ் படிக்கத் தெரியாவிட்டாலும் மூன்றைப் பாருங்கள். வளையும் வலிமை 250க்குக் குறையக் கூடாது. கார்பன் 0.23 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கந்தகமும் பாஸ்பரசும் தலா 0.045ஐத் தாண்டக் கூடாது. இவை கூடினால் வெல்டிங் பக்கத்தில் விரிசல் விட வாய்ப்பு உண்டு. சந்தேகம் வந்தால் ஒரு துண்டை வெட்டிப் பொறியியல் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் இழுவைச் சோதனைக்குக் கொடுக்கலாம். கட்டணத்தையும் எத்தனை நாள் ஆகும் என்பதையும் முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. பட்டறையோடு எழுத்தில் பேசுங்கள்

கூலி கிலோ கணக்கில். எங்களுக்கு வந்த விலைகள் 14, 18, 23 ரூபாய். பதினாலைப் பிடித்தோம். கடைசியில் அது பதினெட்டைத் தாண்டியது. ஏனென்றால் வெல்டிங் ராடு, கேஸ், கிரேன், பிரைமர், போல்ட் எல்லாம் எங்கள் தலையில் என்பது பேச்சில் வரவே இல்லை.

எந்த எடைக்குக் கூலி? கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். படத்தில் உள்ள எடைக்கா, நீங்கள் வாங்கிக் கொடுத்த மொத்த எடைக்கா? படத்து எடைக்கு என்று எழுதுங்கள். மிச்சத் துண்டுகள் யாருக்கு என்பதையும் எழுதுங்கள். மின்சாரம் யார் பொறுப்பு என்று கேளுங்கள். வீட்டு இணைப்பிலிருந்தோ கடை இணைப்பிலிருந்தோ வெல்டிங் மெஷினுக்கு எடுக்கக் கூடாது, கட்டுமானத்துக்குத் தனியாகத் தற்காலிக இணைப்பு வாங்க வேண்டும். பணத்தை நான்கு தவணையாகப் பிரித்துக் கடைசிப் பத்து சதவீதத்தை எஞ்சினியர் சரிபார்த்த பிறகுதான் என்று எழுதுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி: அவர்கள் செய்த கேட்டையும் கிரில்லையும் பார்க்காதீர்கள். தூண் பீம் போட்டுக் கட்டிய ஒரு ஷெட்டைக் காட்டச் சொல்லுங்கள். கிரில் அடிக்கும் கை வேறு, பீம் இணைப்பு அடிக்கும் கை வேறு.

7. ஆங்கர் போல்ட்: ஒரு தகடு மிச்சம் பிடித்து ஒரு வாரம் போனது

கான்கிரீட்டில் பதிக்கும் போல்ட்டுகளைக் கண்ணளவில் நிறுத்தக் கூடாது. பேஸ் பிளேட்டில் உள்ள அதே துளைகளோடு ஒரு மெல்லிய தகடை வெட்டி, அதில் போல்ட்டுகளை மாட்டி, அதோடு சேர்த்து கான்கிரீட் போட வேண்டும். எங்கள் கொத்தனார் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டார். எட்டுத் தூணில் மூன்றில் பிளேட் உட்காரவில்லை. பட்டறை ஆள் கேஸ் வைத்துத் துளையைப் பெரிதாக்கப் போனார், நல்லவேளை எஞ்சினியர் அன்று வந்திருந்தார். பேஸ் பிளேட் மூன்றையும் புதிதாக வெட்டித் துளை போட வேண்டியதாயிற்று. துளை எப்போதும் டிரில்லில்தான். 20 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பீம் இணைப்பில் 22 மில்லிமீட்டர் துளை.

பிளேட்டுக்கு அடியிலும் நட் வைத்துத் தூணை நூல் பிடித்து நிமிர்த்திய பிறகு, இடைவெளியைச் சுருங்காத கிரவுட் என்ற நிரப்புக் கலவையால் நிரப்ப வேண்டும். சாதா சிமென்ட் கலவை காய்ந்ததும் சுருங்கிப் பிளேட்டை விட்டு விலகும்.

8. நாள் குறிப்பது

சித்திரைத் திருவிழா சமயத்தில் நகருக்குள்ளிருந்து லோடு எடுக்காதீர்கள். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளும் வண்டியும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. மற்ற நாளிலும் நகருக்குள் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, டிரைவரிடம் கேட்டு இரவிலோ விடியற்காலையிலோ எடுங்கள். 12 மீட்டர் பீம் வருகிற வண்டி உங்கள் தெருவில் திரும்புமா என்று முன்கூட்டியே நடந்து அளந்து பாருங்கள். எங்களுக்கு ஒரு முக்கில் திரும்பாமல் 300 மீட்டர் தூரம் கிரேனில் தூக்கி வந்தார்கள். அந்தக் கிரேனுக்குக் குறைந்தபட்ச மணிநேர வாடகை, ஒரு மணி நேர வேலைக்கும் அதே பணம். எனவே தூண் எல்லாம் தயாராகி, போல்ட் சரிபார்த்த பிறகே கிரேனைக் கூப்பிடுங்கள். மேலே மின்கம்பி போனால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி லைனை நிறுத்தாமல் கிரேன் கையைத் தூக்கக் கூடாது. இதில் சமரசமே வேண்டாம்.

ஆடிக் காற்றில் கூரை ஷீட் ஏற்ற வேண்டாம். ஷீட் காற்றில் பறந்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெல்டிங் நிற்கும். தை பிறந்த பிறகு தொடங்கினால் வெயிலுக்குள் முடித்துவிடலாம்.

9. வெல்டிங், பெயின்ட், கடைசிப் பணம்

கிரில் வேலைக்கு எல்லோரும் வைத்திருப்பது இ6013 ராடு. கனமான இணைப்புக்கு எஞ்சினியர் இ7018 என்று எழுதியிருந்தால் அதுதான் வேண்டும். அது ஈரம் பட்டால் கெட்டுப்போகும் ராடு. பாக்கெட்டைப் பிரித்து மண்ணில் போட்டு வைத்திருந்தால் அன்றைய வேலையை நிறுத்துங்கள். பீமை நடுவில் ஒட்டுப் போட அனுமதிக்காதீர்கள், ஒட்டு எங்கே வரலாம் என்பது படத்தில் இருக்கும். வெல்டிங் கேஜ் என்ற சின்னத் தகடு வாங்கி வைத்துக்கொண்டால் 6 மில்லிமீட்டர் என்று எழுதியது 6 இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். நாங்கள் பார்த்ததில் நான்கு இணைப்பில் 4தான் இருந்தது, மறுபடி அடிக்கச் சொன்னோம், அடித்தார்கள்.

துருவையும் கருப்புச் செதிலையும் கம்பி பிரஷ்ஷால் முழுக்க எடுத்த பிறகே பிரைமர். சைட்டில் வெல்டு வரும் இடத்தில் இரண்டு அங்குலம் பெயின்ட் இல்லாமல் விடச் சொல்லுங்கள், பெயின்ட் மேல் அடித்த வெல்டு பிடிக்காது. தூணின் அடி தரையோடு சேரும் இடத்தில்தான் தண்ணீர் நின்று அரிக்கும். எங்களுக்குத் தரை மட்டத்துக்கு மேல் ஒரு சாண் உயரம் கான்கிரீட்டால் மூடி, மேலே சரிவு வைத்தார்கள். தீவனம், துணி, காகிதம் வைக்கிறவர்கள் தீயைப் பற்றியும் எஞ்சினியரிடம் பேசுங்கள். 550 டிகிரி சூட்டைத் தாண்டினால் இரும்பின் வலிமை கிட்டத்தட்ட பாதியாகிவிடும். தூணைச் சுற்றி ஜிப்சம் போர்டோ கான்கிரீட்டோ கொடுத்தால் ஆட்கள் வெளியேற நேரம் கிடைக்கும்.

கடைசிப் பத்து சதவீதத்தைக் கொடுக்கும் முன் எஞ்சினியரிடம் சரிபார்ப்புக் கடிதம் ஒன்று வாங்குங்கள். அதோடு பில், எடைச்சீட்டு, சோதனைச் சான்றிதழ், படம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள், பின்னால் வங்கி கேட்கும், காப்பீடு கேட்கும், இன்னொரு மாடி ஏற்ற வரும் எஞ்சினியர் கேட்பார். முதல் மழைக்காலம் முடிந்ததும் ஏணி வைத்து ஏறி ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பானரால் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். எங்களுக்கு அறுபத்துநாலில் ஐந்து தளர்ந்திருந்தன.